ரியோ மைதானத்துல பாடுற கூட்டம் நிஜமா, ஒட்டினதா? – ‘ராக் இன் ரியோ’ லைவ் ஆல்பம் பத்தி ஒரு இழை

12 ஜூன் 2024 – இழையைத் தொடங்கின வாசகர் எழுதினது

இங்கிலாந்து ஹெவி மெட்டல் பேண்ட் அயர்ன் மெய்டன், பிரேசில்ல ரியோ நகரத்து ‘ராக் இன் ரியோ’ விழாவுல வாசிச்சதைப் பதிவு பண்ணின ‘ராக் இன் ரியோ’ லைவ் ஆல்பத்துல ‘ஃபியர் ஆஃப் த டார்க்’ ஆரம்பிக்கிறப்போ கூட்டம் மொத்தமா பாடுதே, அதை என்னால நம்ப முடியல. ரெண்டரை லட்சம் பேர், திறந்த வெளி, நடு ராத்திரி. எல்லாரும் ஒரே சுருதியில, ஒரே நேரத்துல எப்படிப் பாட முடியும்? ஸ்டுடியோவுல ஒட்டினதுதான். திறந்தவெளி லைவ் ஆல்பம் எல்லாமே இப்படித்தான்னு நான் சொல்றேன். இல்லன்னா நிரூபிங்க.

12 ஜூன், இரவு 11:40

ஒட்டினது இல்ல. நான் வியாசர்பாடியில மைக் செட் வெச்சிருக்கேன், அப்பா ஆரம்பிச்ச தொழில். கூழ் ஊத்துறது, காதுகுத்து, கட்சிக் கூட்டம், துக்க வீட்டு கானா, எல்லாத்துக்கும் ஸ்பீக்கர் பாக்ஸ் கட்டியிருக்கேன். திறந்த வெளியில கூட்டம் எப்படிக் கத்தும்னு இருபது வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கேன்.

சுருதியை முதல்ல எடுத்துப்போம். கூட்டத்துக்கு சுருதி குடுக்கிறது ஸ்பீக்கர். கிடார் சத்தம் உங்க காதுக்கு அரை நொடி லேட்டா வந்தாலும் அதே சுருதியிலதான் வரும். தூரம் நேரத்தைத்தான் தள்ளும், சுருதியை அசைக்காது. அதனால ஒரே சுருதியில பாடுறது பெரிய விஷயமே இல்ல.

அடுத்தது நேரம். அவங்க ஒரே நேரத்துல பாடவே இல்லைங்க. நல்லா கேளுங்க, அங்க வார்த்தையே கிடையாது. கிடார் வாசிக்கிற மெட்டை ‘ஓ’ன்னு இழுக்குறாங்க, அவ்வளவுதான். உயிரெழுத்தை நீட்டிப் பாடினா முன்னாடி இருக்கிறவன் கால் நொடி முந்தி, பின்னாடி இருக்கிறவன் கால் நொடி பிந்தி வந்தாலும் ஒண்ணு மேல ஒண்ணு படிஞ்சு ஒரே குரலாத் தெரியும். அதே கூட்டத்தை ஒரு பத்தி வசனம் பேச வெச்சுப் பாருங்க, ஒரு எழுத்து புரியாது. நம்ம கோயில்ல ‘கோவிந்தா’, ‘அரோகரா’ன்னு கடைசி எழுத்தை இழுத்து வெச்சிருக்காங்களே, அதே சமாசாரம்.

காத்துல சத்தம் ஒரு நொடிக்கு சுமாரா 345 மீட்டர் ஓடும். மேடையில இருந்து 100 மீட்டர் தள்ளி நிக்கிறவனுக்கு 0.29 நொடி லேட்டு, 300 மீட்டருக்கு 0.87 நொடி. அந்தக் கலைசலோடதான் ஆல்பத்துல பதிவாகியிருக்கு.

13 ஜூன், காலை 6:15

நேத்து போட்ட கணக்குல பாதியை விட்டுட்டேன். தூக்கத்துல இருந்து எழுந்ததும் இதான் ஞாபகம் வந்துது. போற தூரம் மட்டும் சொன்னேன், வர்ற தூரம் சொல்லல. மேடையில இருக்கிற மைக்குக்கு 300 மீட்டர் தள்ளி இருக்கிறவன் குரல் திரும்பி வர இன்னொரு 0.87 நொடி ஆகும். மொத்தம் ஒண்ணே முக்கா நொடி. அதுக்குள்ள கிடார் அடுத்த ரெண்டு மூணு ஸ்வரம் தாண்டிப் போயிருக்கும்.

நடுவுல டவர் நட்டு ஸ்பீக்கர் தொங்க விட்டிருப்பாங்களேன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். விடுவாங்க. ஆனா அந்த டவர் ஸ்பீக்கரை வேணும்னே லேட் பண்ணித்தான் விடுவாங்க. இல்லன்னா டவர் சத்தம் முதல்ல வந்து, மேடைச் சத்தம் பின்னால வந்து, பாட்டு ரெட்டை ரெட்டையா கேக்கும். அதனால டவர் இருந்தாலும் பின்னாடி நிக்கிறவனுக்கு அதே தாமதம்தான்.

13 ஜூன், மதியம் 2:50

லோடு ஏத்திட்டு வண்டியில உக்காந்து யோசிச்சேன். நீங்க சொன்னதுல ஒரு பங்கு நியாயம் இருக்கு, அதை ஒத்துக்கணும்.

ஒரு ஆள் கத்துற சத்தம், தூரம் ரெட்டிப்பானா 6 டெசிபல் குறையும். 5 மீட்டர்ல இருக்கிறவனுக்கும் 160 மீட்டர்ல இருக்கிறவனுக்கும் நடுவுல 30 டெசிபல் வித்தியாசம். அப்படின்னா மேடை ஓரத்து மைக்ல விழுறது பெரும்பாலும் முன்வரிசை ஜனம்தான். மீதி பேர் எல்லாம் சேர்ந்து அடியில ஓடுற ஒரு இரைச்சல். காசிமேட்டுல ராத்திரி தூரத்துல இருந்து கடல் கேக்குமே, அலை அலையா இல்லாம ஒரே உறுமலா, அந்த மாதிரி. ஆக, ‘ரெண்டரை லட்சம் குரலைக் கேக்குறோம்’னு சொன்னா அது சரியில்ல. தெளிவாக் கேக்குறது சில ஆயிரம் பேரை. மத்தவங்க அந்த உறுமல்ல இருக்காங்க.

ஆனா ஒட்டினதுன்னு சொன்னீங்க பாருங்க, அது வேற குற்றச்சாட்டு. அதுல இன்னும் நான் இறங்கி வரல.

16 ஜூன், ஞாயிறு

இந்த ஆல்பத்துக்காக நான் ஏன் இவ்வளவு மல்லுக்கு நிக்கிறேன்னு கேட்டார் ஒருத்தர். சொல்றேன்.

2003-ல எனக்கு 18 வயசு. பாரிஸ் கார்னர் பக்கம் ஒரு கடையில காப்பி போட்ட சிடி வாங்கினேன். ரெண்டு சிடி, ஒவ்வொண்ணும் 40 ரூபா. அட்டை கிடையாது, மார்க்கர்ல பேர் எழுதியிருக்கும். ராத்திரி கடையைச் சாத்தினதுக்கப்புறம் அப்பாவோட ஆம்ப்ளிஃபயர்ல போட்டுக் கேட்டேன். ‘த விக்கர் மேன்’ முடியுது, கூட்டம் ஆர்ப்பரிக்குது, அப்படியே மேல ஏறுது... சடார்னு நின்னுடும். ரெண்டு நொடி சுத்தமான அமைதி. மறுபடி பாதி கத்தல்ல இருந்து அடுத்த பாட்டு. ஒவ்வொரு பாட்டுக்கு நடுவுலயும் இப்படி யாரோ கூட்டத்தோட கழுத்தைப் பிடிச்ச மாதிரி இருக்கும். ஆல்பமே அப்படித்தான்னு நாலு வருஷம் நினைச்சிருந்தேன்.

2007-ல பெரம்பூர்ல ஒரு நண்பர் வீட்டுல ஒரிஜினல் சிடி கேட்டேன். அந்த வீட்டுல எல்லாருமே இங்கிலீஷ் பாட்டு கேட்டு வளர்ந்தவங்க, தாத்தா ரயில்வேயில இருந்தவர். போட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கூட்டம் நிக்கவே இல்ல! பாட்டு முடியுது, கூட்டம் இருக்கு. பாடகர் புரூஸ் டிக்கின்சன் பேசுறார், கூட்டம் இருக்கு. ட்ரம்ஸ் குச்சியில எண்ணுறாங்க, அப்பவும் கூட்டம் இருக்கு. ரெண்டு மணி நேரம் பக்கம் ஒரே மூச்சு. நான் நாலு வருஷமா கேட்டது துண்டு போட்ட மீன். அன்னைக்குத்தான் முழு மீனைப் பார்த்தேன்.

16 ஜூன், இரவு

அந்த ரெண்டு நொடி ஏன் வருதுன்னு கேட்டவருக்கு: அந்தக் காலத்து கம்ப்யூட்டர்ல சிடி எழுதும்போது ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியா எழுதுற முறை இருந்துச்சு. அதுல லேசர் ஒவ்வொரு பாட்டுக்கு அப்புறமும் அணைஞ்சு மறுபடி எரியும், நடுவுல 2 நொடி வெற்றிடம் தானா விழும். முழு டிஸ்க்கையும் ஒரே ஓட்டத்துல எழுதுற முறையைத் தேர்ந்தெடுத்திருந்தா விழுந்திருக்காது. ஸ்டுடியோ ஆல்பத்துக்கு இது பரவாயில்ல, பாட்டுக்கு நடுவுல எப்படியும் அமைதிதானே. லைவ் ஆல்பத்துக்கு உயிர் போற விஷயம். இப்ப போன்ல கேக்குறவங்களும் ஆப் செட்டிங்ல இடைவெளி இல்லாம ஓடுற மாதிரி வெச்சுக்கோங்க.

22 ஜூன்

அதே 2007-ல மார்ச் 17, சனிக்கிழமை. பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸ். மெய்டன் இந்தியாவுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. டெல்லி பேண்ட் ‘பரிக்ரமா’ முன்னாடி வாசிச்சாங்க. சென்ட்ரல்ல ரயில் ஏறினோம் நாலு பேர், மூணு பேர் வியாசர்பாடி, ஒருத்தன் தண்டையார்பேட்டை. அப்பாகிட்ட ‘சவுண்ட் பார்க்கப் போறேன்’னு சொன்னேன். பொய் இல்ல, அதுவும் பார்க்கத்தான் போனேன்.

வேணும்னே, சவுண்டைக் கலந்து சரி பண்ற மிக்ஸர் மேடைக்குப் பக்கத்துல நின்னேன். சவுண்ட் அங்கதான் சரியா இருக்கும்னு அப்பா சொல்லுவார், மிக்ஸ் பண்றவன் தன் காதுக்குத்தானே மிக்ஸ் பண்றான். ‘ஃபியர் ஆஃப் த டார்க்’ வந்துது. நானும் ‘ஓ’ன்னு இழுத்தேன். அப்ப ஒண்ணு கவனிச்சேன். எனக்கு முன்னாடி இருக்கிற ஜனம் பாடுறது ஸ்பீக்கர் சத்தத்தோடயே வந்து சேருது, பின்னாடி இருக்கிறவங்க பாடுறதுதான் லேட்டா வருது. என் குரலும் ஸ்பீக்கரோட சரியா இருக்கு. சுத்தி நிக்கிற ஒவ்வொருத்தனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அத்தனை ஆயிரம் பேர்ல ஒவ்வொருத்தனும் தான் சரியா பாடுறதாவும் தனக்குப் பின்னாடி நிக்கிறவங்க லேட்டா வர்றதாவும் கேட்டுக்கிட்டு இருந்திருக்கான். இதை நினைச்சா இப்பவும் உடம்பு சிலிர்க்குது.

திரும்பி வந்து நாலு நாள் தொண்டை கட்டி இருந்துச்சு. செம்மண் தூசி வேற. அம்மா மிளகு ரசம் வெச்சுக் குடுத்தாங்க.

30 ஜூன்

ஆல்பத்துக்கு வருவோம், எல்லாரும் என்னை வேற எங்கெங்கயோ இழுத்துட்டுப் போறீங்க.

பதிவானது 2001 ஜனவரி 19, பிரேவ் நியூ வேர்ல்ட் டூரோட கடைசி நிகழ்ச்சி. வெளியானது 2002 மார்ச். பாடகர் டிக்கின்சனும் கிடாரிஸ்ட் ஏட்ரியன் ஸ்மித்தும் 1999-லதான் பேண்டுக்குத் திரும்பி வந்திருந்தாங்க, அதனால மேடையில மூணு கிடார். அன்னைக்கு அந்தக் கூட்டம் இவங்களுக்குப் புதுசும் இல்ல. 1985 ஜனவரியில நடந்த முதல் ராக் இன் ரியோவுலயே, குயீன் பேண்ட் வாசிச்ச அதே நாள்ல மெய்டன் வாசிச்சிருக்காங்க. அன்னைக்கு 15 வயசு பையனா நின்னவன் இப்ப 31 வயசுல வந்து நின்னிருப்பான்.

நான் இந்த ஆல்பத்துல அதிகம் கேக்குறது ‘சைன் ஆஃப் த கிராஸ்’, ‘த கிளான்ஸ்மன்’. ரெண்டுமே நடுவுல இருந்த பாடகர் பிளேஸ் பெய்லி காலத்துப் பாட்டு. வேற ஒருத்தருக்காகச் செஞ்ச பாட்டை டிக்கின்சன் தன் பாட்டு மாதிரி எடுத்துப் பாடுறார். பெய்லியைத் திட்டி இங்க ரெண்டு பேர் எழுதியிருக்கீங்க. நான் சேர மாட்டேன். அவர் பாடாம இருந்திருந்தா அந்தப் பாட்டே இருந்திருக்காது. அவர் குரல் கீழ் ஸ்தாயிக் குரல், டிக்கின்சனுக்காக எழுதின பழைய பாட்டுங்களை தினமும் மேல ஏறிப் பாடச் சொன்னா யாருக்கும் கஷ்டம்தான்.

ஆனா திறந்தவெளிப் பதிவுல எது சிறந்ததுன்னா, மெய்டனே 1992 ஆகஸ்ட் 22-ல இங்கிலாந்துல டானிங்டன்ங்கிற இடத்துல வாசிச்சு எடுத்த ‘லைவ் அட் டானிங்டன்’தான்னு சொல்வேன். பாஸ் வாசிக்கிற ஸ்டீவ் ஹாரிஸே மிக்ஸ் பண்ணது. சொரசொரன்னு இருக்கும். எதையும் தேய்க்கல.

1 ஜூலை

நேத்து எழுதினதுக்காக டானிங்டனை மறுபடி முழுசா கேட்டேன். என் வார்த்தையை வாபஸ் வாங்குறேன். சொரசொரப்பு நிஜம்தான், ஆனா கூட்டம் எங்கயோ தள்ளி நிக்குது. ரியோவுல கூட்டம் என் தோள் மேல நிக்குது. 1985-ல வந்த அவங்களோட ‘லைவ் ஆஃப்டர் டெத்’தையும் பக்கத்துல வெச்சுக் கேட்டேன். அதுல பெரும்பகுதி லாங் பீச் அரீனாவுல, கூரைக்குக் கீழ எடுத்தது. கைதட்டல் சுவர்ல மோதி உருண்டு வரும். கல்யாண மண்டபத்துச் சத்தம். ரியோவுல கைதட்டல் மோதுறதுக்கு எதுவுமே இல்ல, போனது போனதுதான். அந்த வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா ஒரு நிமிஷத்துல பிடிபடும்.

1 ஜூலை, இரவு

ஒட்டுறது நடக்கவே நடக்காதுன்னு நான் சொல்லல. இன்னொரு மெட்டல் பேண்ட் ஜூடாஸ் ப்ரீஸ்ட்டோட ‘அன்லீஷ்ட் இன் தி ஈஸ்ட்’ லைவ் ஆல்பம், 1979, டோக்கியோவுல எடுத்தது. அதுல குரலை ஸ்டுடியோவுல மறுபடி பாடினதை அதோட பாடகர் ராப் ஹால்ஃபோர்டே பிறகு ஒத்துக்கிட்டார். அப்படியும் அது நல்ல ஆல்பம். அதே ஹால்ஃபோர்ட் தன் சொந்த பேண்டோட, 2001 ஜனவரி 19-ல மெய்டனுக்கு முன்னாடி அதே ரியோ மேடையில பாடியிருக்கார்.

9 ஜூலை

கூட்டம் பெருசுன்னு பெருமை பேசிக்கிட்டே போறோம். இதையும் எழுதி வைக்கிறேன். 1988 ஆகஸ்ட் 20, அதே டானிங்டன்ல ராக் விழா. மெய்டன்தான் கடைசியா வாசிக்க வேண்டிய பேண்ட். மதியம் கன்ஸ் அண்ட் ரோசஸ் பேண்ட் வாசிக்கும்போது முன்னாடி நெரிசல்ல ரெண்டு பையன்கள் சேத்துல மிதிபட்டு இறந்துட்டாங்க. வந்தது ஒரு லட்சத்துக்கு மேல. அடுத்த வருஷம் அந்த விழாவே நடக்கல.

பல வருஷம் முன்னாடி எங்க ஏரியாவுல ஒரு தீமிதி. தடுப்புக் கட்டை சாஞ்சு முன்னாடி பொம்பளைங்க மேல கூட்டம் சரிஞ்சுது. மேடையில இருந்தவர் மைக்ல ‘தள்ளாதீங்க, தள்ளாதீங்க’ன்னு கத்துறார், யார் காதுலயும் ஏறல. அப்பா ஓடிப்போய் மெயினை ஆஃப் பண்ணார். பாட்டு, மேளம், மைக் எல்லாம் ஒரே நொடியில செத்துது. மொத்தக் கூட்டமும் என்ன ஆச்சுன்னு நின்னு திரும்பிப் பார்த்துச்சு. அந்த அஞ்சு நொடியில கைபிடிச்சு எல்லாரையும் தூக்கிட்டாங்க. ஒரு அம்மாவுக்குக் கை முறிவு, அதோட போச்சு. மைக் செட் காரன் கை எப்பவும் மெயின் ஸ்விட்ச்சுக்கு எட்டுற தூரத்துல இருக்கணும். என்கிட்ட வேலைக்கு வர்ற பசங்களுக்கு நான் முதல்ல சொல்லிக் குடுக்கிறது அதுதான்.

14 ஜூலை

ஸ்டீவ் ஹாரிஸ் பாஸ் வாசிக்கிற ‘குதிரை ஓட்டம்’ பத்திக் கேட்டிருந்தீங்க. ‘த ட்ரூப்பர்’ல தெளிவாத் தெரியும். ஒரு நெடில், ரெண்டு குறில்: டாம்-தகு, டாம்-தகு. கம்பியை மீட்டுற பிளாஸ்டிக் துண்டு (பிக்) இல்லாம ரெண்டு விரல்லயே வாசிக்கிறார்.

எங்க தெருவுல டோலக் வாசிக்கிற அண்ணன் ஒருத்தருக்கு இதைப் போட்டுக் காட்டினேன். துக்க வீட்டு கானாவுக்குப் போறவர், அன்னைக்குப் பறை அடிக்கிற பசங்களும் கூட இருந்தாங்க. ஒரு பையன் பழைய பேப்பரைக் கொளுத்தி பறையைத் தீ மேல காட்டிக் காட்டி, விரலால தட்டித் தட்டிப் பார்த்துக்கிட்டு இருந்தான். தோல் இறுகினதும் சத்தம் ‘தொப்’ல இருந்து ‘டங்’குக்கு மாறும், அதுக்காக. அண்ணன் ஹெட்ஃபோனை ஒரு காதுல மட்டும் வெச்சுக்கிட்டு இன்னொரு கையால பெஞ்ச்ல தட்டினார். ரெண்டு நிமிஷம் போச்சு. ‘நம்ம அடி மூணா உருளும்டா தம்பி. இது நாலா ஓடுது. ஆனா மூச்சு வாங்குற இடம் ஒண்ணுதான்’னார். நான் ரெண்டும் ஒரே தாளம்னு பல பேர்கிட்ட சொல்லியிருக்கேன். தப்பு. அவர் சொன்னதுதான் சரி, எண்ணிப் பார்த்துட்டேன்.

5 ஆகஸ்ட்

நேத்து ஆடி மூணாவது ஞாயிறு, எங்க தெரு அம்மனுக்குக் கூழ். சோதனை பண்ணிட்டேன்.

மேடை ஓரத்துல ஒரு போன், ஜனத்தைப் பார்த்த மாதிரி, காத்து அடிக்காம மைக் ஓட்டையில ஸ்பாஞ்ச் சுத்தி. ‘கூட்டத்தைப் பிடிக்கணும்னா மைக்கோட முதுகை பாக்ஸுக்குக் காட்டு’ன்னு அப்பா சொல்லுவார். பாடுறவங்க மைக் முன்னாடி வர்ற சத்தத்தைத்தான் நல்லா வாங்கும், முதுகுப் பக்கம் மந்தம். போன் மைக்குக்கு அப்படி முதுகு கிடையாது, அதனால பாக்ஸைத் திருப்பி வெச்சேன். இன்னொரு போன் தெருக்கோடி டீக்கடையில, வீடியோ ஓடுது.

தூரம் எப்படித் தெரியும்னா, வயர்தான் எங்க அளவுகோல். 90 மீட்டர் சுருள் ரெண்டு போட்டா கோயில்ல இருந்து டீக்கடைக்கு எட்டி, ரெண்டு கை நீளம் மிஞ்சும். கோயில்ல வெடி போட்டாங்க. டீக்கடை வீடியோவுல வெளிச்சம் தெரிஞ்ச ஃபிரேம்ல இருந்து சத்தம் வந்த ஃபிரேம் வரைக்கும் எண்ணினேன். 15 ஃபிரேம். நொடிக்கு 30 ஃபிரேம்னா அரை நொடி. நேத்து இருந்த சூட்டுக்கு சத்தம் 350 மீட்டர் பக்கம் ஓடும், பாதின்னா 175. வயர்க் கணக்கும் அதே. அப்பாகிட்ட காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அவரே ஒரு தடவை எண்ணினார்.

பிறகு மைக்ல ‘ஓம் சக்தி’. ஜனம் ‘பராசக்தி’. மேடை போன்ல ‘பரா’ கத்தி மாதிரி இருக்கு, ‘சக்தி’ தேஞ்சு, கடைசி ‘ஈ’ மட்டும் ஒரு நொடிக்கு மேல நீளுது. ஒரு ஆளும் அவ்வளவு நேரம் இழுக்கல. தெருதான் இழுத்துது. ரியோவுல நடந்ததும் இதேதான். பத்து மணிக்கு பாக்ஸை ஆஃப் பண்ணிட்டோம், அதுக்கு மேல வெளியில ஸ்பீக்கர் போடக் கூடாது.

6 ஆகஸ்ட்

என் சோதனையில ஓட்டை இருக்குன்னு இழையைத் தொடங்கினவரே சொல்லியிருக்கார். தெருவுக்கு ரெண்டு பக்கமும் வீடு. சுவர்ல மோதி வந்ததும் அந்த ஒரு நொடியில சேர்ந்திருக்கும், மைதானத்துல அது கிடையாதே. சரியான கேள்வி. எனக்குத் தோணியிருக்கணும். மைதானத்துல எடுத்துட்டு வர்றேன்.

15 செப்டம்பர்

எடுத்துட்டேன். தண்டையார்பேட்டை பக்கம் ஒரு மைதானத்துல கபடி, சவுண்ட் நம்மளது. சுத்தி ரெண்டாயிரம் பேராவது இருக்கும். கிழக்க இருந்து கடல் காத்து. ரைடர் கோட்டைத் தொட்ட நொடி மொத்த ஜனமும் எழுந்து கத்துச்சு, நேர்ல காது அடைச்சுப் போச்சு. ரெக்கார்டிங்கைக் கேட்டா ஏமாந்துட்டேன். கூட்டம் சின்னதா இருக்கு! கூழ் ஊத்தினப்ப தெருவுல இருந்தது முந்நூறு பேர், அது இதைவிடப் பெருசாக் கேக்குது. மைக் பக்கத்துல நின்ன ஒரு பையன் விசில் மட்டும் தனியாத் துருத்திக்கிட்டு நிக்குது. மத்ததெல்லாம் மேல போயிடுச்சு. காத்து திரும்பினப்ப எதிர்ப்பக்கம் இருந்த ஜனம் அப்படியே மங்கிடுச்சு.

எனக்கு இதுல ஒண்ணு உறைச்சுது. திறந்த மைதானத்துல ஒரு மைக் வெச்சா ரெண்டரை லட்சம் பேரும் ரெண்டாயிரம் பேர் மாதிரிதான் கேப்பாங்க. நேர்ல நின்னவன் உணர்ந்ததைக் குடுக்கணும்னா மேடை ஓரம், நடுவுல, மிக்ஸர் பக்கம்னு பல இடத்துல மைக் நட்டு, எல்லாத்தையும் சேர்க்கணும். மிக்ஸர் பக்கத்து மைக் 40 மீட்டர் தள்ளி இருந்தா அதுல எல்லாமே 0.11 நொடி லேட்டா இருக்கும், அதை முன்னால இழுத்துப் பொருத்தணும். எவ்வளவு இழுக்கிறதுன்னு ஒரு மனுஷன் காதால முடிவு பண்ணணும். முழுசா இழுத்துட்டா கூட்டம் தட்டையாயிடும், இழுக்காம விட்டா பாட்டு கூழாயிடும். ரியோ ஆல்பத்தை மிக்ஸ் பண்ணவர் கெவின் ஷெர்லி. அந்த ‘ஓ’வைக் கேட்டா முன்வரிசை ஒரு கோடா வந்து, அதுக்குப் பின்னால மைதானம் மெதுவா நிரம்புறது எனக்குக் கேக்குது.

ஜூன்ல ‘ஒட்டினது இல்ல’ன்னு ஒரே வரியில முடிச்சேன். இப்ப கேட்டா, பூ அன்னைக்குப் பறிச்சதுதான், ஆனா தானா மாலையாகல, ஒருத்தர் உக்காந்து கோத்திருக்கார்னு சொல்வேன்.

22 அக்டோபர்

நேத்து பால் டியானோ போயிட்டார். 66 வயசு. மெய்டனோட முதல் ரெண்டு ஆல்பத்துல பாடினவர். ரியோவுல கேக்குற ‘ராத்சைல்ட்’, ‘அயர்ன் மெய்டன்’, ‘சாங்சுவரி’ மூணும் முதல்ல அவர் குரல்ல வந்தது. இன்னைக்கு வண்டியில அது மூணை மட்டும்தான் போட்டேன். பழைய ட்ரம்மர் கிளைவ் பர் 2013-லயே இறந்துட்டார். அவருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்ங்கிற நரம்பு மண்டல நோய் வந்திருந்தப்போ, 2002-ல ‘ரன் டு த ஹில்ஸ்’ பாட்டைத் தனி சிடியாத் திரும்ப வெளியிட்டு, அந்தக் காசை அவர் பேர்ல இருந்த நிதிக்குக் குடுத்தாங்க. அதுலயே இந்த ரியோ பதிவும் இருந்துச்சு. இங்கயும் ஒரு டோலக் கலைஞர் படுத்துட்டா கானா கச்சேரி வெச்சு துண்டு ஏந்துவாங்க, அதுக்கு நாங்க வாடகை வாங்குறதில்ல.

9 டிசம்பர்

மெய்டன் ட்ரம்மர் நிக்கோ மெக்பிரெய்ன் டூருக்கு முழுக்குப் போட்டுட்டார். கடைசி நிகழ்ச்சி சாவ் பாவ்லோவுல, முந்தாநாள். 2023 ஜனவரியில பக்கவாதம் வந்து, அதுக்கப்புறமும் ரெண்டு வருஷம் வாசிச்சார். 72 வயசு. ரியோவுல அவருக்கு 48. அதே பிரேசில் ஜனத்து முன்னாடி கடைசியா வாசிச்சிருக்கார்.

19 ஜனவரி 2025

கூழ் அன்னைக்கு எடுத்த ரெக்கார்டிங்கை ஏத்திட்டேன், கேட்டவங்க எல்லாரும் எடுத்துக்கலாம். மேடை போன், டீக்கடை போன் ரெண்டையும் சேர்த்திருக்கேன். டீக்கடைப் பதிவை அரை நொடி முழுசா இழுத்துப் பார்த்தேன், தெரு செத்துப்போச்சு. கால் நொடி மட்டும் இழுத்திருக்கேன். மொத்தம் 7 நிமிஷம். மூணாவது நிமிஷத்துல ‘இன்னொரு குண்டான் கொண்டா’ன்னு ஒரு அம்மா குரல் மைக்குக்குப் பக்கத்துலயே வரும், அதை எடுக்கச் சொல்லி அப்பா சொன்னார், நான் எடுக்கல. ஹெட்ஃபோன்ல கேளுங்க. ரெண்டாவது ‘பராசக்தி’ வர்றப்போ இடது காதுல தெருக்கோடி ஜனம் வந்து சேரும்.